சத்தமே போடல, நல்ல பிள்ளை

2021-ல எங்க பூனை செவலைக்கு தடுப்பூசி போட ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். ஸ்டீல் டேபிள் மேல அவனை வச்சதும் அங்க இருந்த உதவியாளர் தம்பி பிடரித்தோலை ஒரு கையால கொத்தாப் பிடிச்சு, இன்னொரு கையால பின்னங்காலை அமுக்கிக்கிட்டார், ஊசி போட்டாங்க, காய்ச்சல் பாத்தாங்க, நகம் வெட்டினாங்க, எல்லாம் சேத்து அஞ்சு நிமிஷம் கூட இருக்காது. செவலை ஒரு தடவை கூட கத்தல, கீறல, திமிரல. கண்ணை அகலமா விரிச்சுக்கிட்டு அப்படியே கிடந்தான். முடிஞ்சதும் அந்தத் தம்பி அவன் தலையைத் தடவி, "சத்தமே போடல பாருங்க மேடம், ரொம்ப நல்ல பிள்ளை"ன்னார். எனக்குப் பெருமையா இருந்துச்சு. ஸ்கூல்ல டீச்சர் நம்ம பிள்ளையைப் பாராட்டினா எப்படி இருக்குமோ அப்படி. அந்தப் பெருமைதான் இப்ப வரைக்கும் என்னை உறுத்திட்டே இருக்கு.

ஏன்னா வீட்டுக்கு வந்து பையைத் திறந்தா உள்ள முழுக்க ஈரம். போற வழியிலயே பயத்துல ஒண்ணுக்குப் போயிருக்கான், அது மேலயே உக்காந்து வந்திருக்கான். வெளிய வந்தவன் நேரா அம்மா கட்டிலுக்கு அடியில போனான், ரெண்டு நாள் வெளிய வரல. மூணாம் நாள் வந்தப்பவும் என்கிட்ட வரல, அம்மாகிட்டதான் போனான். அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே இவனை எங்கயும் கூட்டிட்டுப் போறதில்லன்னு. வீட்டுக்குள்ளயே இருக்கற பூனை, வெளிய போறதே இல்ல, வேற பூனையோட சண்டை இல்ல, எலி பிடிக்கறதில்ல, இவனுக்கு என்ன நோய் வந்துடப் போகுது? இப்படிச் சொல்லிக்கிட்டே மூணு வருஷம் ஓட்டினேன். அதைப் பாசம்னு நெனச்சேன்.

செவலையைப் பத்தி கொஞ்சம். 2010 ஐப்பசி மழையில எங்க ஃப்ளாட் பார்க்கிங்ல ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில கிடந்த குட்டி. உள்ளங்கை அளவுதான். மாம்பழக் கலர்ல இருந்தான், அப்பா பாத்தவுடனே "செவல"ன்னு கூப்பிட்டார், ஊர்ல அவர் வச்சிருந்த காளைக்கு அந்தப் பேர்தான். அப்பா போயி ஆறு வருஷம் ஆச்சு. இப்பவும் அம்மா "செவல"ன்னு கூப்பிடறப்ப ஒரு நொடி அப்பா குரல் மாதிரி கேக்கும். எங்க வீட்டுல அவன் இருக்கறதுக்கு இது மாதிரி நெறைய அர்த்தம் இருக்கு, எல்லாத்தையும் எழுத முடியாது.

வயசாயிட்டு, அடங்கிட்டான்

பன்னெண்டு வயசு வரைக்கும் ஃப்ரிட்ஜ் மேலதான் அவன் சிம்மாசனம். அப்புறம் ஒரு நாள் ஃப்ரிட்ஜை விட்டுட்டு சோபாவோட நின்னுக்கிட்டான். அப்புறம் சோபாவும் இல்ல, தரையிலயே படுத்துக்கிட்டான். ஜன்னல் திண்டுக்கு ஏறணும்னா மொதல்ல நிமிர்ந்து பாப்பான், பின்னங்காலை ரெண்டு மூணு தடவை அசைச்சு வைப்பான், அப்புறம் வேணாம்னு திரும்பிடுவான். "வயசாயிட்டுல்லாட்டி, அடங்கிட்டான்"னு அம்மா சொல்லுவா. நானும் அதையே நம்பினேன். அமைதியான கிழவன், எவ்வளவு அழகுன்னு போட்டோ எடுத்து குடும்ப குரூப்ல போட்டிருக்கேன். இப்ப அந்தப் போட்டோவைப் பாத்தா முதுகு வில்லு மாதிரி வளைஞ்சிருக்கறதும், முதுகுல முடி கட்டி கட்டியா சிக்கு பிடிச்சிருக்கறதும்தான் கண்ணுல படுது. திரும்பி நக்கி சுத்தம் பண்ண முடியல அவனால. வலி.

2002-ல அமெரிக்காவுல பன்னெண்டு வயசுக்கு மேல இருந்த 100 பூனைகளோட எக்ஸ்ரேயைப் பாத்த ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானத்தோட அடையாளம் இருந்திருக்கு. நூத்துக்குத் தொண்ணூறு. நொண்டினாத்தானே நமக்குக் கால் வலின்னு தெரியும், பூனை அப்படி நொண்டிக் காட்டறதில்ல. குதிக்கறதை விட்டுடும், அவ்வளவுதான். அது கூட ஒரே நாள்ல இல்ல, மாசக் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா, கூடவே இருக்கற நம்ம கண்ணு அதுக்குப் பழகிடுது.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். ஒரு நாள் அவன் பின்னங்காலை இழுத்து நடந்தப்ப அம்மா பாராசிட்டமால் மாத்திரையில கால்வாசி உடைச்சு மீன்ல வச்சுக் குடுக்கப் போனா. நான் அடுப்படிக்குள்ள வந்தது தற்செயல். பூனையோட ஈரலால அந்த மருந்தை நம்ம உடம்பு மாதிரி முறிச்சு வெளியேத்த முடியாது, ரத்தம் ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போற சக்தியையே இழந்துடும், ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். குழந்தைக்கே குடுக்கறோமேன்னு தோணும். குடுக்காதீங்க. வீட்டுல பெரியவங்ககிட்டயும் சொல்லி வைங்க.

2024 தைக்கு அப்புறம் அவன் பாத்ரூம் பக்கெட்டுல தலையை விட்டுத் தண்ணி குடிக்கறதைப் பாத்தேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை இல்ல, போகும்போதும் வரும்போதும். அவன் ஒண்ணுக்குப் போற மண் டப்பா, லிட்டர் டப்பான்னு சொல்லுவாங்க, அதுல ஈரம் பட்டு உருண்டுக்கற கட்டி ஒவ்வொண்ணும் எலுமிச்சம்பழ அளவுல இருந்தது சாத்துக்குடி அளவுக்கு வந்துடுச்சு. தூக்கினா எடையே இல்ல. நான் எடை மெஷின்ல தனியா ஏறி, அப்புறம் அவனைத் தூக்கிக்கிட்டு ஏறி கழிச்சுப் பாத்தேன், 3.9 கிலோ. தடுப்பூசி சீட்டுல 2021-ல 4.8-ன்னு எழுதியிருந்துச்சு. ஒரு கிலோ கூட இல்லையேன்னு நெனச்சுட்டு கணக்குப் போட்டேன், 60 கிலோ ஆளு 11 கிலோ இளைச்ச மாதிரி. அன்னிக்கு ராத்திரி தூங்கல.

268

மறுநாள் போனது வேற டாக்டர்கிட்ட, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில படிச்ச சின்ன வயசுப் பொண்ணு, பூனைக்குன்னு தனியா நேரம் ஒதுக்கறாங்கன்னு கீழ் வீட்டுக்காரங்க சொல்லியிருந்தாங்க. அதே பழைய பையில திணிச்சுதான் கூட்டிட்டுப் போனேன், வேற வழி தெரியல, அவன் நகத்தைத் தரையில ஊனிக்கிட்டு இழுத்ததும் நான் அமுக்கினதும் இன்னமும் கையில இருக்கு. டேபிள் மேல வச்சதும் பழையபடியே கிடந்தான், கண்ணு விரிஞ்சு, காது தட்டையா, ஒரு அசைவு இல்லாம. ஒரு சொட்டு ரத்தத்துல சுகர் பாத்தாங்க, 268. எனக்குத் தலை சுத்திடுச்சு, பூனைக்கு சுகரா, இன்சுலினா, யாரு ரெண்டு வேளை ஊசி போடறது. "இவன் எப்பவும் இப்படித்தான் டாக்டர், ரொம்ப அமைதி, கத்தவே மாட்டான்"னு வாய் தானா சொல்லுச்சு, அந்தப் பழைய பெருமையோட மிச்சம்தான் அது.

அவங்க ஊசியைக் கீழ வச்சுட்டு அவன் பாதத்தைத் திருப்பிக் காட்டினாங்க. டேபிள்ல ஈரமான தடம், நாலு காலுக்கும். பூனைக்குப் பாதத்துல வேர்க்கும், பயந்தா. "மேடம், இது அமைதி இல்ல. பயத்துல உறைஞ்சு போயிருக்கான். ஓட வழியில்ல, சண்டை போடவும் தைரியமில்ல, கடைசியா மிச்சம் இருக்கறது இதுதான்"னாங்க. கத்தற பூனைக்காவது இன்னும் ஏதாவது பண்ண முடியும்ங்கற நம்பிக்கை இருக்குன்னு சொன்னாங்க. நான் ஒண்ணும் பேசல. அஞ்சு நிமிஷம் பெருமையா நின்னு வேடிக்கை பாத்த அந்த 2021 மத்தியானம் முழுசா திரும்பி வந்துடுச்சு.

அந்த 268-ஐயும் நம்ப வேணாம்னு அவங்கதான் சொன்னாங்க. பயத்துல பூனைக்கு ரத்தத்துல சர்க்கரை சட்டுனு ஏறும், சில நிமிஷத்துலயே. அதனால ஃபிரக்டோசமைன்னு வேற டெஸ்டுக்கு ரத்தம் அனுப்பினாங்க, அது கிட்டத்தட்ட முந்தின ரெண்டு வாரம் சர்க்கரை எப்படி இருந்துச்சுன்னு காட்டும், அந்த நிமிஷத்துப் பயம் அதுல ஏறாது. நார்மல். சுகரே இல்ல. ஆனா கிரியாட்டினின், அதாவது கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு, ரத்தத்துல 3.4 வந்துச்சு. கிட்னி, மூணாவது ஸ்டேஜ். பூனைக்கு கிட்னியோட பெரும்பகுதி போன பிறகுதான் கிரியாட்டினின் ஏறவே ஆரம்பிக்குமாம், அதனாலதான் பத்து வயசு தாண்டின பூனையை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கச் சொல்றாங்க. நான் மூணு வருஷம் பாக்கல. பயப்படுறானேன்னு பாக்கல. பயம், இல்லாத சுகரைக் காட்டுச்சு, இருந்த கிட்னி நோயை மறைச்சு வச்சுச்சு. எந்தப் பயம், அவனோடதா என்னோடதான்னு கேட்டா ரெண்டும்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "எனக்கும் அப்படித்தானட்டி, அந்த டாக்டர் ரூமுக்குள்ள போனாலே பிரஷர் 170 காட்டும், வீட்டுல பாத்தா 130"ன்னா. பூனைக்கும் அதே கதைதான். 160-க்கு மேல போனா பிரஷர்னு சொல்லுவாங்க, ஆனா ரூமுக்குள்ள வந்து அஞ்சு பத்து நிமிஷம் பழகவிட்டு, மத்த எல்லாத்துக்கும் முன்னாடி, ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி பாக்கணும். இல்லன்னா அந்த நம்பருக்கு அர்த்தம் இல்ல.

பூனைக்குட்டி நியாயம்

அம்மா ஊரு ஆழ்வார்திருநகரி, வைணவ ஆச்சாரியர் மணவாள மாமுனிகள் பிறந்த ஊரு. நாங்க மீன் சாப்பிடற வீடுதான், ஆனா கோயில்ல உபன்யாசம்னா அம்மா போயி மொத வரிசையில உக்காந்துருவா, என்னையும் இழுத்துட்டுப் போவா. அங்க கேட்டதுதான் பூனைக்குட்டி நியாயமும் குரங்குக்குட்டி நியாயமும், கடவுளை எப்படிச் சேர்றதுங்கறதுக்கு வைணவத்துல ரெண்டு பிரிவு சொல்ற உவமை. குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடிச்சுக்கணும், அது வடகலை. பூனைக்குட்டி ஒண்ணும் பண்ண வேணாம், தாய் வந்து பிடரியைக் கவ்வித் தூக்கிட்டுப் போகும், அது தென்கலை, அதுதான் சரணாகதின்னு சொல்லுவாங்க. பிடரியைப் பிடிச்சா பூனை அடங்கும், அது அதோட இயல்புன்னு நான் ரொம்ப நாள் நம்பினதுக்கு அந்த உபன்யாசமும் ஒரு காரணம். கிளினிக்ல பிடரியைப் பிடிச்சப்ப எனக்குத் தப்பாவே தெரியல.

ஆனா அந்த நியாயத்துல தூக்கறது தாய். தூக்கப்படறது கண்ணு திறந்து சில வாரம் ஆன குட்டி. வளர்ந்த பூனைக்குப் பிடரியைக் கவ்வறது தாய் இல்ல, சண்டைக்கு வந்த இன்னொரு பூனை, இல்லன்னா கொல்ல வந்த மிருகம். 2022-ல அமெரிக்காவோட பூனை மருத்துவர் சங்கமும் உலக அளவுல இருக்கற பூனை மருத்துவ அமைப்பும் சேர்ந்து ஒரு வழிகாட்டி போட்டாங்க, அதுல பிடரியைப் பிடிச்சு அமுக்கறதைச் செய்ய வேணாம்னே சொல்லிட்டாங்க. சரணாகதிக்கும் உறைஞ்சு போறதுக்கும் வெளியில இருந்து பாத்தா வித்தியாசமே தெரியாது, ரெண்டுலயும் உடம்பு அசையாது. யார் கையிலங்கறதுதான் வித்தியாசம்.

பை விஷயமும் அப்படித்தான். எங்க ஊர்ல மீன் திருடற பூனையை சாக்குல போட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டு விட்டுட்டு வருவாங்க. சாக்குக்குள்ள போற பூனை திரும்பி வராதுன்னு சின்ன வயசுலயே எனக்குத் தெரியும். அப்படித் தெரிஞ்ச நானே இவனை வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும், ஊசிக்கு மட்டும், ஒரு பைக்குள்ள திணிச்சேன். அவனுக்கு அந்தப் பை வேற என்னவா இருந்திருக்கும்.

பெட்டி

டாக்டர் சொன்ன மொத வேலை, மேல்பாதியைத் தனியா கழட்டற மாதிரி இருக்கற கெட்டி பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்க, அதை ஹால்லயே நிரந்தரமா வைங்கங்கறது. கீழ்ப்பாதியை மட்டும் ஜன்னலோரம், பத்து மணி வரைக்கும் வெயில் விழற இடத்துல வச்சேன், உள்ள அம்மாவோட பழைய நூல்சேலை, துவைக்காதது, அம்மா வாசனையோட. எட்டு நாள் திரும்பியே பாக்கல. ஒன்பதாம் நாள் காலையில உள்ள உக்காந்து முகம் கழுவிட்டிருந்தான். நான் அடுப்படியில இருந்து அசையல, பால் பொங்கி வழிஞ்சாலும் பரவால்லன்னு நின்னேன். அப்புறம் ஒரு வாரம் அவிச்ச கோழித் துணுக்கு அதுக்குள்ளதான். அப்புறம் மேல்மூடி. அப்புறம் கதவு, ஒரு நொடி மூடித் திறக்கறது. அப்புறம் பத்து விநாடி தூக்கறது. மாடிப்படி இறங்கி கேட் வரைக்கும் போயிட்டு வர்றது. கடைசியா தெருமுனை ஆட்டோ அண்ணனைக் கூப்பிட்டு, எங்கயும் போக வேணாம்ணா, ஒரு சுத்து சுத்தி வீட்டுலயே விட்ருங்கன்னேன். அவர் ஏன்னு கேட்டார், சொன்னேன். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் மாட்டு வண்டி மாதிரி ஏத்தி இறக்கினார், காசு வாங்க மாட்டேன்னார், வம்பா குடுத்தேன். மொத்தம் ஏழு வாரம் ஆச்சு. அவசரம்னா இதெல்லாம் நடக்காது, அதனாலதான் பூனை நல்லா இருக்கறப்பவே ஆரம்பிக்கணும்.

காபாபென்டின்னு ஒரு மருந்து, நம்ம ஆளுங்க நரம்பு வலிக்கு சாப்பிடறதுதான், பூனைக்குப் பயணத்துக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி குடுத்தா பதட்டம் குறையும். கிட்னி இருக்கற பூனைக்கு அளவு குறைக்கணும், அது டாக்டர்தான் சொல்லணும், நீங்களா மெடிக்கல்ல வாங்கிக் குடுக்காதீங்க. மொத தடவை வீட்டுலயே ஒரு நாள் குடுத்துப் பாத்தோம், கொஞ்சம் தள்ளாடி நடந்தான், நல்லாத் தூங்கினான். அம்மாவுக்கு அது பிடிக்கல, "மயக்க மருந்து குடுத்து ஏமாத்துறியேட்டி"ன்னா. அதுக்குப் பதில் சொல்ல கொஞ்சம் நாள் எடுத்தேன். ஏமாத்தறதா இருந்தா அவனுக்குத் தெரியாம ஏதோ பண்றதுக்காக இருக்கணும். இதுல நடக்கறது எல்லாம் அவனுக்குத் தெரியும், அந்தப் பயம் மட்டும் மனசுல பதியாம இருக்கறதுக்கு. ஒவ்வொரு மோசமான பயணமும் அடுத்ததை இன்னும் மோசமாக்கும், நாங்க அந்த வட்டத்துல மூணு வருஷம் தொலைச்சோம்.

நாய் இல்லாத மத்தியான நேரம் கேட்டு வாங்கறோம். கூப்பிடற வரைக்கும் ஆட்டோவுலயே இருப்போம். உள்ள போனா பெட்டியைத் தரையில வைக்கறதில்ல, நாற்காலி மேல, துண்டு போத்தி. டாக்டர் மேல்மூடியை மட்டும் கழட்டறாங்க, அவன் கீழ்ப்பாதியிலயே, அம்மா சேலையிலயே உக்காந்திருக்கான், தலைக்கு மேல துண்டு, பிரஷர் பாக்கறது, ரத்தம் பின்னங்கால்ல எடுக்கறது எல்லாம் அதுக்குள்ளயே. ஸ்டீல் டேபிள் அவன் காலுல படறதே இல்ல. போன ஆவணியில ஊசி பட்டதும் உர்ர்னு அடித்தொண்டையில உறுமினான். பதினாலு வருஷத்துல ஒரு டாக்டர் முன்னாடி அவன் போட்ட மொத சத்தம். டாக்டர் உடனே கையை எடுத்துட்டு, "சரி சாமி, சரி"ன்னு ஒரு நிமிஷம் காத்திருந்தாங்க. அவன் நிறுத்தினதும்தான் திரும்ப எடுத்தாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சொன்னான், ஒருத்தர் கேட்டு நிறுத்தினாங்க.

வீட்டுலயும் இப்ப அவன் சொல்றதைத் தேடிப் பாக்கறேன். ஜன்னலுக்குக் கீழ அப்பாவோட முக்காலி, அதுக்குப் பக்கத்துல மணை, ரெண்டு படி ஆச்சு, மூட்டுக்கும் மருந்து ஆரம்பிச்ச அப்புறம் ஒன்றரை வருஷமா ஏறாத திண்டுல ஏறி காக்காவைப் பாத்துட்டிருக்கான். லிட்டர் டப்பா ஒரு பக்கம் வெட்டித் தாழ்த்தியாச்சு. தண்ணி நாலு இடத்துல, ஒண்ணு அப்பாவோட பித்தளைச் சொம்பு, அவனுக்கு அதுதான் இஷ்டம். கருவாடு நின்னுபோச்சு, உப்பும் பாஸ்பரசும் ஆகாது, கிட்னிக்குன்னு இருக்கற சாப்பாட்டுக்குப் பழக்க ஒரு மாசம் ஆச்சு.

திங்கள், வியாழன் ராத்திரி எட்டு மணிக்கு ட்ரிப். திரைச்சீலைக் கம்பியில, நீர்ச்சத்துக்கு ஏத்தற ரிங்கர் லாக்டேட் பாட்டிலை மாட்டுவேன், வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் வச்சு எடுத்தது, குளிர்ச்சியா இறங்கினா அவனுக்குப் பிடிக்காது. 100 மில்லி, தோலுக்கு அடியில, ரெண்டு தோளுக்கும் நடுவுல. அதே பிடரிக்குப் பக்கம்தான், மொத தடவை அந்தத் தோலை விரல்ல மெதுவாத் தூக்கினப்ப என் கை நடுங்குச்சு. அவன் பெட்டியோட கீழ்ப்பாதியில உக்காந்திருப்பான், அம்மா பக்கத்துல தரையில உக்காந்து அவன் தாடையைச் சொறிஞ்சிட்டே ஊர்க்கதை பேசுவா. தண்ணி இறங்க இறங்க முதுகுல சின்னத் திமில் மாதிரி எழும்பும், அப்பாவோட காளைக்கு இருந்த மாதிரியே. அம்மா அதை உள்ளங்கையால பொத்தி வச்சுக்குவா.

போன வியாழன் பாதி இறங்கறப்பவே எழுந்து நடக்க ஆரம்பிச்சுட்டான். முன்னாடியா இருந்தா பிடிச்சு உக்கார வச்சிருப்பேன். ஊசியை எடுத்துட்டேன். 60 மில்லிதான் போயிருந்துச்சு. "போட்டும்ட்டி, நாளைக்குக் குடுப்போம்"னா அம்மா. அவன் சொம்புகிட்ட போயி கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு, திரும்பி வந்து அதே பெட்டிக்குள்ள ஏறிச் சுருண்டுக்கிட்டான்.